வெள்ளைக் கண்ணிகள்

சின்னமனூர்
11 ஜனவரி 1938

அன்புள்ள மகள் கஸ்தூரிக்கு,

இக்கடிதத்தில் எழுத நினைத்திருப்பவை வரிசையாக:

1. இத்துடன் வரும் தொப்பியைப் பற்றி.
2. அதைக் குழந்தைக்கு அணிவிக்கும் முறை.
3. மூடிய அறையில் கரியடுப்பு வைப்பது பற்றி.
4. அம்மை குத்திக்கொள்வது பற்றி.
5. ஐப்பசியில் நீ மலைக்குப் புறப்பட்ட அன்று நான் சொன்ன வார்த்தையைப் பற்றி.

முதலாவது. கம்பளி நமக்குத் தெரிந்த ஆட்டுக் கம்பளிதான். ஒச்சாண்டி நம் வயலில் கிடை போட்டிருந்தபோது கத்தரித்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நானே அலசினேன். பள்ளிக்கூடத்துத் தக்ளியில் நானே நூற்றேன். ஒரே கனமாக வரவில்லை. கண் வலித்ததால் வெள்ளை நூலை மட்டும் ஒச்சாண்டியின் மனைவி முத்துப்பேச்சி நூற்றுக் கொடுத்தாள். கறுப்பு, ஆட்டின் சொந்த நிறம். சிவப்பு, மஞ்சிட்டி வேரும் படிகாரமும் சேர்த்துக் கொதிக்க வைத்தது. நீலம் அவுரி. அதற்குச் சூடு ஆகாது. வெதுவெதுப்பான பானையில்தான் முக்க வேண்டும். நூல் வெளியே வரும்போது பச்சையாக இருக்கும், காற்றுப் பட்ட பிறகுதான் நீலமாகும். ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை மாறாமல் போய்விடுமோ என்று பானையருகே நின்றுகொண்டிருந்தேன்.

பின்னல் எனக்கு எப்படித் தெரியும் என்று மாப்பிள்ளை கர்ணன் கேட்கக்கூடும். இருபது வருஷத்துக்கு முன் சண்டைக் காலத்தில் குமாஸ்தாவாகப் பஸ்ராவுக்குப் போய், அங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு நர்ஸம்மாள் நோயாளிகளின் கை சும்மா இருக்கக் கூடாதென்று கற்றுக் கொடுத்தார். நிறம் மாற்றிப் பின்னும்போது ஒரு நூல் முன்னே கண்ணியாக விழும், மற்றது பின்னால் ஓடும். பின்னால் ஓடுவதை இழுத்துவிட்டால் தொப்பி சுருங்கிவிடும். என் கை இழுத்துப் பிடிக்கிற கை. மூன்று முறை பிரித்துப் பின்னினேன். வெள்ளைத் தரையில் நீல மலைகள், மலைகளுக்குக் கீழே ஒரு சிவப்பு வரிசை, விளிம்பு கறுப்பு. மலைகள் ஒரே உயரத்தில் இல்லை. அது நான் நினைத்துச் செய்ததல்ல.

இரண்டாவது. உட்புறம் ஓடும் நூல்களில் குழந்தையின் விரலோ நகமோ மாட்டாமல் பார்த்து அணிவி. தாடைக்குக் கீழே கட்டும் கயிற்றில் உன் ஒரு விரல் நுழைய இடம் இருக்கட்டும்.

மூன்றாவது. எத்தனை குளிராக இருந்தாலும் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தே வை. கரிப்புகை தூங்குகிறவர்களை எழுப்பாது.

நான்காவது. எஸ்டேட்டில் நீங்கள் குடியிருக்கும் லயங்களுக்கும் அம்மை குத்துகிறவர் வருவார். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் குத்த வைத்தவன்தான் நான். ஆனால் உன் அண்ணன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது குத்திய இடம் புண்ணாகி, காய்ச்சல் கண்டு, நம்மைவிட்டுப் போனான். நீ பிறப்பதற்கு முன் நடந்தது. உன் பிள்ளை சுருளிக்கு இப்போது ஏழு மாதம். ஒரு வயது நிறையட்டும். அதுவரை என்ன சொல்லியாவது தள்ளிப் போடு. இதில் மட்டும் என் பேச்சைக் கேள்.

ஐந்தாவதை எழுதப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பொதிக் கழுதைகளோடு சம்சுதீன் வாசலில் வந்து நிற்கிறார். அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

உன் அப்பா,
சீனிச்சாமி


மேகமலை
14 ஜனவரி 1938

அப்பாவுக்கு,

தொப்பி வந்தது. அரிசி மூட்டைகளை இறக்குவதற்கு முன்னால் சம்சுதீன் அண்ணன் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார். "உங்கப்பா இதக் குடுக்கும்போது பச்சப்பிள்ளையக் குடுக்குற மாதிரில்ல குடுத்தாக. கழுத மேல வைக்காதீக, மடியில வச்சுக்கங்கன்னாக. மலையேறுற மனுசனுக்கு மடி ஏதும்மா?" என்றார். தலைப்பாகைக்குள் வைத்துக் கொண்டு வந்திருக்கிறார்.

சுருளிக்கு அளவு சரியாக இருக்கிறது. போட்டதிலிருந்து கழற்ற விடமாட்டேன் என்கிறான். கயிற்றின் நுனியைச் சப்பிக்கொண்டே தூங்குகிறான். அவன் அப்பா பார்த்துவிட்டு, "மாமா இந்த மலைக்கு ஒருதரம்கூட வந்ததில்ல. வராமயே எல்லா மலையையும் பின்னி அனுப்பிட்டாக" என்றார். பக்கத்து வீட்டு மொக்கம்மாள் அக்கா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏத்தா, ஆம்பளையா இதப் பின்னுனது? எங்கூட்டு ஆளு கோவணக் கயிறு அறுந்தாக்கூட என்னையத்தான் கூப்பிடுவாரு" என்று சொல்ல, லயமே சிரித்தது. நான் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று.

உங்கள் ஐந்தாவதை நானே எழுதிவிடுகிறேன். "பிள்ளையக் கொல்லத்தான் மலைக்குத் தூக்கிட்டுப் போற" என்றீர்கள். யாரையும் அதட்டிப் பேசாத நீங்கள், தெருவில் பத்துப் பேர் நிற்கும்போது என்னிடம் சொன்னீர்கள். வேலை இங்கே இருக்கிறது. இவர் இங்கே இருக்கிறார். நான் வேறு எங்கே போவேன்? வழி நெடுக அந்த வார்த்தை என் கூடவே ஏறி வந்தது. இங்கே பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் அதுதான் காதில் கேட்கிறது.

உங்கள் நான்காவதைக் கேட்டு நடந்தேன். நேற்று அம்மை குத்துகிறவர் வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, விறகுக் கொட்டகைக்குள் அவனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மற்றப் பிள்ளைகள் வரிசையாக அழுகிற சத்தம் கேட்டது. இவன் தொப்பிக் கயிற்றைச் சப்பிக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தான். அவர் போன பிறகு மொக்கம்மாள் அக்கா முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும்?

கஸ்தூரி


சின்னமனூர்
16 ஜனவரி 1938

கஸ்தூரி,

தொப்பியை இப்போதே கழற்று. கழற்றிவிட்டு மீதியைப் படி.

முத்துப்பேச்சி வீட்டில் அம்மை. மூத்த பெண்ணுக்கு முத்துப் போட்டிருக்கிறது. மாட்டுப்பொங்கலுக்கு அவளுக்குச் சேலை கொடுக்கப் போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. ஒச்சாண்டி வெளியே வந்து, "உள்ள வராதீக அய்யா, ஆத்தா வந்திருக்கா" என்றான். எப்போதிலிருந்து என்று கேட்டேன். உள்ளேயிருந்து முத்துப்பேச்சிதான் சொன்னாள். "நீங்க நூலுக்கு வந்தீகள்ல, அன்னைக்கே பிள்ளைக்கு மேலு காஞ்சுச்சு. வீட்டுல இருந்து ஒண்ணும் வெளிய போகக் கூடாதுன்னு எனக்கு மனசுல பட்டுச்சு. வாத்தியாரய்யா, நீங்க வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தீக. எப்படி இல்லங்கிறது?"

உண்மைதான். அன்று அவள் "நாளைக்கு வாங்க" என்றாள். சம்சுதீன் புறப்படுவதற்குள் முடிக்க வேண்டுமென்று நான்தான் நகராமல் நின்றேன். அந்த நூற்கண்டு காய்ச்சலாகக் கிடந்த பெண்ணின் தலைமாட்டில் இருந்தது. அவள் அதை எடுத்து, புடவையில் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

எண் போட்டு எழுதலாமென்று பார்த்தேன். முடியவில்லை. சிவப்பு நூல் கொதித்தது, அதில் பயமில்லை. கறுப்பு என் கைநூல். நீலமும் என் கைநூல்தான், ஆனால் கொதிக்காதது. வெள்ளை அவள் கொடுத்தபடியே கொதிக்காமல், அலசாமல் பின்னப்பட்டது. வெள்ளை ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிறது. நீல மலைகளுக்குப் பின்னாலும் அதுதான் ஓடுகிறது. கட்டும் கயிறும் வெள்ளை. அவன் அதைச் சப்புகிறான் என்று எழுதியிருக்கிறாய். இன்று காலை உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த ஒரு வரியைத் தவிர வேறெதையும் என்னால் படிக்க முடியவில்லை.

இங்கே வந்திருக்கும் அம்மை குத்துகிறவரைப் போய்க் கேட்டேன். "இப்பக் குத்துனாலும் காப்பாத்தலாம், காப்பாத்தாமலும் போகலாம். குத்தாம வச்சிருந்தா நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். உங்கள் லயத்துக்கு வந்தவர் இன்னும் மலையில்தான் இருப்பார். தேடிப் போ. இன்றே போ. உன் அண்ணனை நினைக்காதே. நான் நினைத்துக்கொள்கிறேன்.

தொப்பியை எரித்துவிடு. கம்பளி லேசில் எரியாது. நின்று பார்த்து எரி. இக்கடிதத்தை நீளக் குச்சியில் செருகி வேப்பம் புகையில் பிடித்துத்தான் சம்சுதீனிடம் கொடுக்கிறேன். அவர் நிற்கும் இடத்துக்கு நான் போகமாட்டேன். தரையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வேன். அவருக்கு ஏற்கெனவே அம்மை கண்ட உடம்பு. நீ பயப்பட வேண்டாம்.

அப்பா


மேகமலை
18 ஜனவரி 1938

அப்பா,

உங்கள் கடிதம் நேற்றுப் பகல் வந்தது. இவர் மேல் டிவிஷனுக்குப் போயிருந்தார். தொப்பியைக் கழற்றியதும் பிள்ளை கத்தினான். அடுப்பில் போட்டேன். அது எரியவில்லை; சுருண்டு, முடி கருகும் நாற்றம் அடித்தது. மண்ணெண்ணெய் ஊற்றின பிறகுதான் பிடித்தது. நீங்கள் சொன்னபடி நின்று பார்த்தேன். கடைசியில் அடுப்பிலிருந்த சாம்பலையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

அம்மை குத்துகிறவர் அடுத்த எஸ்டேட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். மொக்கம்மாள் அக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு கூட வந்தாள். எதற்கு அரிவாள் என்று கேட்டதற்கு, "ஆனையப் பாத்தா அரிவாளக் கீழ போட்டுட்டு ஓடுறதுக்கு. ஓடும்போது கை சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. பாதி வழி பனிமூட்டம். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குளிரில் என் கை மரத்துவிட்டது. சூடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

அவர் சாமானை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "அன்னைக்கிக் காய்ச்சல்னியே தாயி?"

"பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் மூட்டையை அவிழ்த்தார். இரண்டு இடத்தில் கீறினார். பிள்ளையைவிட நான்தான் அதிகம் அழுதேன் என்று மொக்கம்மாள் அக்கா இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இவர் இன்று வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். உங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அப்பா, வேண்டாம் என்று எழுதினீர்கள், ஒளித்து வைத்தேன். வேண்டும் என்று எழுதினீர்கள், தூக்கிக்கொண்டு ஓடினேன். இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று எதையும் எழுதாதீர்கள். ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று. எண் போடாமல் எழுதுங்கள்.

கஸ்தூரி


சின்னமனூர்
20 ஜனவரி 1938

கஸ்தூரிக்கு,

நீ கேட்ட வரியை எழுத நேற்று முழுவதும் முயன்றேன். எழுதிப் பார்த்தால் அது பொய் மாதிரியும் இருக்கிறது, எழுதாவிட்டால் பிள்ளை தப்பாது என்பது மாதிரியும் இருக்கிறது. உன் அம்மா உயிரோடு இருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரிந்து சொல்வதும் தெரியாமல் சொல்வதும் ஒன்றுதான்.

முத்துப்பேச்சி வீட்டுக்குப் பால் கொடுக்க ஆள் இல்லை. தெருவில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. பஸ்ராவுக்குக் கப்பல் ஏறும்போது எனக்கு அம்மை குத்தியிருக்கிறார்கள். அதனால் நான் கொண்டுபோய் வாசலில் வைக்கிறேன். என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் கண் திறக்கவில்லை. முத்துப்பேச்சி உள்ளேயிருந்து, "உங்க பேரனுக்கு ஒண்ணுமில்லையே அய்யா?" என்று கேட்கிறாள். அவள் கேட்கும்போது எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரிவதில்லை.

பிள்ளைக்கு ஒன்றும் வராது.

அப்பா


மேகமலை
27 ஜனவரி 1938

அப்பா,

காய்ச்சல் வந்துவிட்டது. குத்தின கை முந்தாநாள் வீங்கியது. நேற்றிலிருந்து உடம்பு அனலாகக் கொதிக்கிறது. பால் குடிக்கவில்லை. எஸ்டேட் கம்பவுண்டரைக் கூப்பிட்டோம். குத்தினதால் வந்த காய்ச்சலாக இருந்தால் தானே இறங்கிவிடும், அந்தக் காய்ச்சலாக இருந்தால் இனிமேல்தான் தெரியும் என்கிறார். எந்தக் காய்ச்சல் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு இரண்டுமே பயம். ஒன்று அண்ணனுடையது, மற்றது முத்துப்பேச்சி மகளுடையது.

இன்று காலையில் நெற்றியில் இரண்டு சிவப்புப் புள்ளி. தொப்பியின் விளிம்பு இருந்த இடத்தில். கம்பவுண்டர் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "நாளைக்கிப் பாப்பம்" என்றார். வாசலில் வேப்பிலை கட்டலாமா என்று மொக்கம்மாள் அக்கா கேட்டாள். கட்டினால் நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்றேன். அவள் ஒரு கொத்தைத் தன் மடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியும்.

ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துதான் வைத்திருக்கிறேன்.

கஸ்தூரி


மேகமலை
31 ஜனவரி 1938

அப்பா,

காய்ச்சல் இறங்கிவிட்டது. நெற்றியில் இருந்த புள்ளிகள் பூச்சிக்கடி. அமுங்கிவிட்டன. வேறெங்கும் ஒன்றும் எழும்பவில்லை. கையில் குத்தின இடத்தில் நன்றாகக் கொப்புளம் வந்து, பொருக்குக் கட்டியிருக்கிறது. "இனி பயமில்லம்மா" என்று கம்பவுண்டர் தம் வாயால் சொன்னார். இன்று காலை சுருளி இவர் மீசையைப் பிடித்து இழுத்தான். இவர் வலியில் கத்திக்கொண்டே சிரித்தார்.

இதை எழுத இன்னொரு காரணம் உண்டு. பதில் வருமென்று பார்த்திருந்தேன், வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் மொக்கம்மாள் அக்கா சொன்னாள். "நேத்து ஒரு பெரியவரு தேயிலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்னாருத்தா. வேட்டியெல்லாம் சேறு. உள்ள வாங்கன்னேன், வரமாட்டேன்னுட்டாரு. எட்ட நிக்கணும், எட்ட நிக்கணும்னு எனக்குத்தான் புத்தி சொன்னாரு. கஸ்தூரி வீட்டுப் பிள்ளை அழுகுற சத்தம் கேக்குதான்னு கேட்டாரு. கேக்குதுன்னேன். நல்லா ஓங்கி அழுகுதான்னாரு. ஆமான்னேன். கேட்டுக்கிட்டே நின்னுட்டு இறங்கிப் போயிட்டாரு."

மலைக்கு வரமாட்டேன் என்று ஊர் முன்னால் சொன்னவர் நீங்கள். ஏறி வந்து, வீட்டு வாசலுக்கு வராமல் எப்படிப் போனீர்கள்? அந்த வழுக்குப் பாதையில் தனியாக எப்படி இறங்கினீர்கள்? கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். இதை மட்டும் எண் போட்டு, ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

கஸ்தூரி


சின்னமனூர்
6 பிப்ரவரி 1938

அன்புள்ள கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கொஞ்சநேரம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். பிறகு கால் வலி தெரிய ஆரம்பித்தது. வலது முழங்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. வேறொன்றுமில்லை. வாசலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். நான் கட்டியிருந்த வேட்டிக்குப் பயந்து வரவில்லை. அதற்கு முந்தின நாள்தான் ஒச்சாண்டியோடு ஓடைக்கரைக்குப் போய்வந்தேன். அவனுடைய மூத்த பெண் போய்விட்டாள். தூக்க ஆள் வராததால் நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

அங்கே ஒச்சாண்டி சொன்ன ஒரு விஷயத்தை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. மார்கழியில் அவர்கள் தெருவுக்கும் அம்மை குத்துகிறவர் வந்திருக்கிறார். முத்துப்பேச்சி பிள்ளைகளைக் கிடைக்குள் ஆடுகளோடு ஆடாக உட்கார வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். அவன் என்மேல் கோபப்படவில்லை. பழைய செய்தி சொல்வதைப் போலத்தான் சொன்னான். "நூல் பேச வந்தப்ப நீங்கதான சொன்னீக அய்யா. பேரப்பிள்ளைக்கு இப்பக் குத்த வேணாம்னு எழுதப்போறேன்னு. படிச்சவுக, பள்ளிக்கூடத்துல எல்லாரையும் குத்த வச்சவுக, சொந்தப் பிள்ளைக்கு வேணாங்கிறாகன்னா ஏதோ இருக்கும்னு இவ நினைச்சுக்கிட்டா."

ஒரு தகப்பன் மகளுக்குச் சொல்லும் புத்தி இரண்டு பேருக்குள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நூல் வாங்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை.

நேற்று அம்மை குத்துகிறவர் மறுபடி அந்தத் தெருவுக்கு வந்தார். நானும் கூடப் போனேன். உனக்குத் தெரியும், நாலு பேர் கூடினால் எனக்குப் பேச வராது. வகுப்பில்கூடக் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவேன். நேற்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, என் பேரனுக்குக் குத்தியாயிற்று, கை வீங்கியது, காய்ச்சல் வந்தது, இறங்கிவிட்டது என்று சொன்னேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒரு கிழவி, "அன்னைக்கி ஒண்ணு சொன்னீராம், இன்னைக்கி ஒண்ணு சொல்றீரு. எந்த வாத்தியாரு நிசம்?" என்று கேட்டாள். இன்றைய வாத்தியார் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. முத்துப்பேச்சி மீதி இரண்டு பிள்ளைகளையும் தானே வெளியே கூட்டிவந்து, சட்டையைக் கழற்றி நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு இன்னும் பயம் விடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கை வீங்கும். உன் அண்ணனுக்கு வீங்கியதைப் போலவே வீங்கும். இனி ஒரு வாரம் தினமும் போய் வாசலில் நிற்கப்போகிறேன். ஆனால் பயம் என்பது ஒன்று, அதை மற்றவர்களுக்கு ஆலோசனையாக எழுதி அனுப்புவது வேறு என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாவதை நீயே எழுதிவிட்டாய். நீ எழுதியபடியேதான் நான் சொன்னேன். அதற்கு இனி நான் என்ன எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும். நேற்று அந்தக் கிழவியிடம் ஒத்துக்கொண்டதை உனக்கும் எழுத வேண்டும். என் முதல் கடிதத்தில் நான்காவதாக, அம்மை குத்துவதைத் தள்ளிப் போடு என்று எழுதியது தவறு.

அப்பா